உமரிச் செடிக்கு எதுக்கு போட்டோ? (பழவேற்காட்டைப் பார்த்தவர்கள் கதை)

பழவேற்காடுன்னு சொன்னதும் நம்ம ஆளுங்களுக்கு ரெண்டு விஷயம்தான் ஞாபகத்துக்கு வரும். ஒண்ணு பூநாரை. இன்னொண்ணு டச்சுக் கல்லறை. ஞாயித்துக்கிழமை விடியக்காலையில சென்னையிலேர்ந்து கிளம்பி, முழங்கை நீளத்துக்கு லென்ஸ் மாட்டின கேமராவோட படகு ஏறி, பூநாரைக் கூட்டத்தை எடுத்துட்டு, மதியம் இறால் வறுவல் சாப்பிட்டு ஊர் திரும்புறவங்க நிறைய பேர். நல்லதுதான். பூநாரை அழகு, இறாலும் ருசி :-)

ஆனா இந்தப் பதிவு பூநாரையைப் பத்தி இல்லை. படகுத்துறையில நாம மிதிச்சுட்டுப் போற உமரி, மணல்ல படர்ந்து கிடக்கிற அடப்பங்கொடி, வலைக்கம்பு மேல உக்காந்திருக்கிற நீர்க்காகம் - இதையெல்லாம் யார் எப்போ கவனிச்சாங்க, யார் பேர் வெச்சாங்க, யார் எழுதி வெச்சாங்க, அதனால யாருக்கு என்ன லாபம்ங்கிற கதை. கொஞ்சம் நீளம். பொறுமையா படிங்க.

முதல்ல இடம்

பழவேற்காடு ஏரின்னு சொல்றோமே தவிர அது ஏரி இல்லை. காயல். ஒடிசாவோட சிலிகாவுக்கு அடுத்து இந்தியாவுல ரெண்டாவது பெரிய உவர்நீர்க் காயல் இதுதான். தெற்கு வடக்கா சுமார் 60 கி.மீ. நீளம். பெரும்பகுதி ஆந்திராவுல, தெற்கு முனை மட்டும் நம்ம திருவள்ளூர் மாவட்டத்துல. கடலுக்கும் காயலுக்கும் நடுவுல நீளமா ஒரு மணல் தீவு. அதான் ராக்கெட் விடுற ஸ்ரீஹரிகோட்டா. ஆரணியாறு, காளங்கி, சுவர்ணமுகியிலேர்ந்து நல்ல தண்ணி வரும். முகத்துவாரம் வழியா கடல் தண்ணி வரும். ரெண்டும் கலக்கிற அளவு மாசத்துக்கு மாசம் மாறும். ஆழம் ரொம்பக் கம்மி, பல இடத்துல நின்னா இடுப்பளவுதான்.

இந்த ஆழமில்லாத, உப்பு ஏறி இறங்குற தண்ணிதான் எல்லாத்துக்கும் ஆதாரம். இறால் குஞ்சு இங்கே வந்து வளருது, நண்டு வளருது, அதைத் தின்ன பறவை வருது, அதைப் பிடிக்க மனுஷனும் வந்தான். முகத்துவாரம் மண் தூர்ந்து அடைச்சுக்கிட்டா மொத்தக் கணக்கும் தப்பிடும். அங்கே எந்தக் குப்பத்துல போய்ப் பேச்சைத் தொடங்கினாலும் அஞ்சாவது நிமிஷம் முகத்துவாரத்துல வந்து நிக்கும்.

பேர் வெச்ச முதல் ஆளுங்க

பள்ளிக்கூடத்துல நெய்தல் திணைன்னு படிச்சிருப்போம். கடலும் கடல் சார்ந்த இடமும். பரீட்சைக்கு அந்த ஒரு வரி போதும். ஆனா நெய்தல் பாட்டுகள்ல வர்ற செடிகளை வரிசையா எழுதிப் பாருங்க: புன்னை, தாழை, ஞாழல், கண்டல், அடும்பு. இதுல அடும்புங்கிறது வேற ஒண்ணுமில்லை, இன்னிக்கு நாம அடப்பங்கொடின்னு சொல்றதேதான். ஆட்டுக் குளம்பு மாதிரி பிளந்த இலை, ஊதாப் பூ, மணலைப் பிடிச்சு வெச்சுக்கிற கொடி. கண்டல்ங்கிற பேரு மாறவே இல்லை. சுமார் 2000 வருஷமா அதே செடி, அதே பேர்!

மணல்ல ஓடுற நண்டை உக்காந்து பார்த்தவன்தான் 'அலவன்'னு பேர் வெச்சுப் பாட்டுல சேர்த்திருக்கணும். ஆக, வீட்டுக்குப் பக்கத்துல இருக்கிறதைக் கவனிக்கிறது வெள்ளைக்காரன் கொண்டுவந்த பொழுதுபோக்கு இல்லை. நம்மகிட்ட கேமராதான் இல்லை.

டச்சுக்காரனும் ஒரு களைச்செடியும்

போர்ச்சுக்கீசியர் வந்தது 16ஆம் நூற்றாண்டு தொடக்கத்துல. அவங்களைத் தள்ளிட்டு டச்சுக்காரர் வந்து 1613ல கோட்டை கட்டினாங்க. பேரு கெல்ட்ரியா. கட்டின வெம்மர் வான் பெர்க்கெம், நெதர்லாந்துல கெல்டர்லாந்துக்காரர், அதனால அந்தப் பேரு. 1690 வாக்குல தலைமையிடம் நாகப்பட்டினத்துக்குப் போற வரைக்கும் சோழமண்டலக் கரையில டச்சு வியாபாரத்துக்குத் தலைநகரமே பழவேற்காடுதான்.

எதுக்கு வந்தாங்க? துணிக்கு. கிழக்கே இந்தோனேசியத் தீவுகள்ல மிளகும் கிராம்பும் ஜாதிக்காயும் வாங்கணும்னா அங்கே காசைவிட சோழமண்டலத் துணிக்குத்தான் மதிப்பு. மலேசியாவுல இன்னிக்கும் கட்டம் போட்ட கைலிக்கு 'கைன் பெலிகட்'னுதான் பேரு. பெலிகட்னா புலிகாட், நம்ம பழவேற்காடு. கோலாலம்பூர்ல சாயங்காலம் கைலி கட்டிட்டு டீ குடிக்கிற பெரியவரோட இடுப்புல நம்ம ஊர்ப் பேர் இருக்கு, அவருக்கே தெரியாம.

அந்தக் காலத்துச் சோழமண்டலத் துணியோட சிவப்பு எங்கேர்ந்து வந்ததுன்னு நினைக்கிறீங்க? சாயவேர்னு ஒரு குட்டிச் செடி. கடலோர மணல்ல தானா முளைக்கும், ஒரு சாண் உயரம்கூட இருக்காது, பூவெல்லாம் கண்ணுக்கே தெரியாத வெள்ளைப் புள்ளி. சும்மா பார்த்தா களைன்னு பிடுங்கிப் போட்டுடுவோம். ஆனா வேரைத் தோண்டி எடுத்துக் காய வெச்சு இடிச்சு, படிகாரம் ஏத்தின துணியை அதுல கொதிக்க வெச்சா, துவைக்கத் துவைக்கப் போகாத சிவப்பு. வேர் நல்ல மணல்ல நேரா ஆழமா இறங்கியிருந்தா சாயம் நல்லா ஏறும்ங்கிறதைக் கண்டுபிடிச்சவன் புத்தகம் எழுதலை. தோண்டுற பொம்பளைங்க கைக்குத் தெரியும், அவ்வளவுதான்.

19ஆம் நூற்றாண்டுக் கடைசியில ஜெர்மன்காரன் செயற்கைச் சாயம் கொண்டுவந்தான். சாயவேருக்குத் தேவை போச்சு. அதைத் தேடித் தோண்டுற வேலை போச்சு. வேலை போனதும் அந்தச் செடியை அடையாளம் காட்டுற கண்ணும் போச்சு. செடி இன்னும் மணல்ல இருக்கு. பார்க்கிறவன்தான் இல்லை. இதை ஞாபகம் வெச்சுக்குங்க, கடைசியில திரும்ப இங்கேதான் வரணும்.

கோட்டை வைத்தியர்கள்

பழவேற்காட்டிலேர்ந்து தெற்கே 50 கி.மீ.ல சென்னை, செயிண்ட் ஜார்ஜ் கோட்டை. 1690கள்ல அங்கே சாமுவேல் பிரவுன்னு ஒரு சர்ஜன். அவருக்கு அப்புறம் எட்வர்ட் பல்க்லி. ரெண்டு பேரும் சும்மா இருக்கலை. கோட்டையைச் சுத்தி முளைச்ச செடிகளைப் பறிச்சு, காகிதத்துல அழுத்தி, உள்ளூர்க்காரங்க என்ன பேர் சொன்னாங்களோ அதையும் எழுதி, லண்டன்ல ஜேம்ஸ் பெட்டிவர்ங்கிற மருந்துக்கடைக்காரருக்குக் கப்பல்ல அனுப்பினாங்க. அவர் அதை ராயல் சொசைட்டி இதழ்ல தவணை தவணையா அச்சடிச்சார். நம்ம தமிழ்ப் பேருங்க கன்னாபின்னான்னு ஆங்கில எழுத்துல உருமாறி லண்டன் போய்ச் சேர்ந்த கதை இது. அந்தச் செடிகள்ல பல இன்னும் லண்டன் அருங்காட்சியகத்துல பத்திரமா இருக்கு.

அதே பல்க்லி, கோட்டைப் பக்கம் பார்த்த 22 பறவைகளை வரையச் சொல்லி அனுப்பினார். ஜான் ரே எழுதின பறவை நூல் 1713ல வந்தப்போ அந்தப் படங்கள் அதுல இடம் பிடிச்சது. தென்னிந்தியப் பறவைகளைப் பத்தின ஆரம்ப கால அச்சுப் பதிவுகள்ல அது ஒண்ணு. காட்டுக்குள்ள போய்த் தேடின அபூர்வம் இல்லைங்க, வைத்தியம் பார்த்த நேரம் போக வீட்டைச் சுத்திப் பார்த்ததுதான். இன்னிக்கு மொட்டை மாடியில நின்னு கேமராவுல எடுக்கிறோமே, அதோட தாத்தா பல்க்லி.

ஜெர்டன் யார்கிட்ட கேட்டார்?

பறவை ஆர்வலர்களுக்கு டி.சி. ஜெர்டன் பேர் தெரிஞ்சிருக்கும். 1836ல மெட்ராசுக்கு வந்த ராணுவ வைத்தியர். காயலுக்கு வடக்கே நெல்லூர்ல சிவில் சர்ஜனா இருந்தவர். சென்னை ஓவியர்கள் வரைஞ்ச 50 வண்ணப் படங்களோட 1847ல ஒரு நூல், அப்புறம் 1862லேர்ந்து 1864க்குள்ள இந்தியப் பறவைகள் பத்தின பெரிய நூல். அதுல பறவைகளுக்கு இந்தி, தெலுங்கு, தமிழ்ப் பேர்களையும் தேடிச் சேர்த்திருந்தார்.

நெல்லூர்ல இருந்தப்போ அவருக்குப் பல தகவல் கொடுத்தவங்க யானாதிகள். காயலோரத்துலயும் ஸ்ரீஹரிகோட்டா காட்டுலயும் வாழ்ந்த பழங்குடி. நம்ம பக்கத்து இருளர் மாதிரி, தண்ணியில கைவிட்டுத் தடவியே இறாலும் நண்டும் பிடிக்கிறவங்க. எந்தப் பொந்துல எந்தப் பாம்பு, எந்தப் புதர்ல எந்தப் பறவைன்னு அவங்களுக்குத் தெரியும். புத்தக அட்டையில ஜெர்டன் பேர் இருக்கு. சொன்னவங்க பேர் இல்லை.

ஜெர்டன் பேர்லயே ஒரு பறவை உண்டு. 1848ல விவரிக்கப்பட்டது, 1900க்கு அப்புறம் யாரும் பார்க்கலை, அழிஞ்சே போச்சுன்னு நினைச்சாங்க. 1986 ஜனவரியில கடப்பா பக்கம் அது திரும்பக் கிடைச்சது. எப்படி? பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்து ஆளுங்க படத்தைக் காட்டி கிராமம் கிராமமா விசாரிச்சப்போ, உள்ளூர்ல பறவை பிடிக்கிற ஒருத்தர் ராத்திரி டார்ச் அடிச்சுப் பிடிச்சுக் கொண்டுவந்து கொடுத்தார். தெலுங்குல அதுக்கு 'கலிவிக் கோடி'ன்னு பேர்கூட இருந்தது. கலிவிங்கிறது களாச்செடி. களாப்புதர்க் கோழி. உலகத்துக்குத்தான் அது அழிஞ்ச பறவை. ஊர்க்காரனுக்கு இல்லை.

ராக்கெட்டும் சரணாலயமும்

1971 அக்டோபர்ல ஸ்ரீஹரிகோட்டாவிலேர்ந்து முதல் ரோகிணி ராக்கெட் கிளம்புச்சு. அதுக்காகத் தீவுல இருந்த குடும்பங்களை வெளியேத்தினாங்க. கொஞ்சம் பேர் காயலோட தெற்குக் கரைக்கு வந்து புதுசாக் குப்பம் போட்டாங்க. 1976ல ஆந்திரப் பக்கம் பறவைகள் சரணாலயம். 1980ல தமிழ்நாட்டுப் பக்கம், 153.67 சதுர கி.மீ.

இதுல ஒரு விசித்திரம் இருக்கு. சரணாலயம்னு அறிவிச்சதும் பறவை பார்க்க வர்றவன் விருந்தாளி ஆயிட்டான், அங்கேயே தலைமுறையா மீன் பிடிச்சவன் 'அனுமதி' கேக்க வேண்டியவன் ஆயிட்டான். அந்த மீனவங்களோ யார் எந்த நாள் எந்த இடத்துல வலை போடணும்னு 'பாடு' முறை வெச்சு, சீட்டு எடுத்து முறை மாத்தி, இருக்கிறதைப் பங்கு போட்டுக்கிட்டவங்க. கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுவூர் மாதாகுப்பம் மூணும் இந்தப் பாட்டுக்குப் பேர் போனவை. எந்த இடத்துல எப்போ இறால் ஓடும்னு தெரியாம இப்படி ஒரு முறையை எவனாலயும் உண்டாக்க முடியாது.

எழுதினவங்களும் இல்லாம இல்லை. சென்னை கிறித்துவக் கல்லூரி விலங்கியல் பேராசிரியர் பி.ஜே. சஞ்சீவராஜ் பல வருஷம் இந்தக் காயலையே சுத்திச் சுத்தி வந்தவர். காயல்ல இருக்கிற கண்ணுக்குத் தெரியற உயிரினங்களைப் பட்டியல் போட்டு அவர் எழுதின நூலை 2006ல தேசிய பல்லுயிர் ஆணையம் வெளியிட்டது. தெலுங்குல ஸ.வெம். ரமேஷ், காயலோட பழைய தெலுங்குப் பேரையே தலைப்பா வெச்சு 'பிரளய காவேரி கதைகள்' எழுதினார்.

தமிழ்ல இந்த வகைக்கு முன்னோடின்னா மா. கிருஷ்ணன். மாதவையாவோட பையன். 1950லேர்ந்து 1996ல இறக்கிற வரைக்கும் 46 வருஷம் ஆங்கிலப் பத்திரிகையில விடாம பத்தி எழுதினவர், தமிழ்லயும் எழுதினார். யானையை எடுத்த அதே கருப்பு வெள்ளைக் கேமராக்காரர் அணிலையும் காக்காவையும் பல்லியையும் பத்திப் பக்கம் பக்கமா எழுதினார். பல கேமராவோட பாகங்களைச் சேர்த்து அவரே ஒட்டுப்போட்டு வெச்சிருந்த கேமராவுக்கு 'சூப்பர் பாண்டரோசா'ன்னு பேர் வேற! காட்டு மிருகம் பார்க்க முதுமலை போக வேண்டியதில்லை, ஜன்னலைத் திறங்கிறதுதான் நான் அவர்கிட்ட எடுத்துக்கிட்டது.

எதுக்கு தம்பி இது?

போன தை மாசம் லைட்ஹவுஸ் குப்பம் பக்கம் உமரியை எடுத்துட்டிருந்தேன். தண்ணி வத்தி உப்பு ஏற ஏற உமரி பச்சையிலேர்ந்து சிவப்பா மாறும். காலை வெயில்ல தரையே பத்தி எரியற மாதிரி இருக்கும். பக்கத்துல வலை பின்னிட்டிருந்தவர் ரொம்ப நேரம் பார்த்துட்டுக் கேட்டார்.

"எதுக்கு தம்பி இத்த போட்டோ புடிக்கிற? பறவ அந்தாண்ட கீது."

"இதுவும் நல்லாருக்கு அண்ணே."

"இது உமரிப்பா. உப்பு போடாம கடைஞ்சி துண்ணுவோம். அதுலயே உப்பு கீது." சிரிச்சார். அப்புறம் வலையைக் கீழ வெச்சுட்டு தண்ணிப் பக்கம் கை காட்டினார். "அந்த ஆளா குத்துது பாரு. ஒரே எடத்துல குத்துனா அங்க மீனு ஓடுதுன்னு அர்த்தம். எங்கப்பா ஆளாவப் பாத்துதான் படகத் திருப்புவாரு. இப்ப பசங்க போன பாக்குறானுங்க."

அவர் பையனும் போனைத்தான் பார்த்துட்டிருந்தான். வாங்கிப் பார்த்தேன். சினிமா நடிகர் படம் நூறு இருந்தது. நடுநடுவுல: படகு மூக்குல உக்காந்த செம்பருந்து, மணல்ல பாதி புதைஞ்ச நண்டு, கரை ஒதுங்கின செத்த ஆமை, முகத்துவாரத்துல மண் ஏறினது, போன வருஷம் அதே இடம் தண்ணியா இருந்தது. யாரும் சொல்லிக்கொடுக்கலை. கண்ணுல பட்டதை எடுத்திருக்கான். ஒவ்வொரு படத்துலயும் தேதி இருக்கு.

அந்தத் தேதிதான் முக்கியம். சொல்றேன்.

பட்டியல்ல இல்லாதது

ஒரு துறைமுகமோ தொழிற்சாலையோ வரணும்னா சுற்றுச்சூழல் தாக்க அறிக்கை போடணும். அதுல அந்த இடத்துல என்னென்ன செடி, என்னென்ன உயிர் இருக்குன்னு ஒரு பட்டியல் வரும். சில நாள் வந்து பார்த்துட்டுப் போறவங்க போடுற பட்டியல் அது. பட்டியல்ல இல்லாதது அந்த இடத்துல இல்லாததா ஆயிடும். 'வெற்று நிலம்', 'புதர்' அப்படின்னு எழுதிட்டா உமரியும் போச்சு, நண்டும் போச்சு, அதை நம்பின குடும்பமும் போச்சு. எண்ணூர்லேர்ந்து காட்டுப்பள்ளி வரைக்கும் அனல் மின் நிலையமும் துறைமுகமும் ஒண்ணொண்ணா வந்ததைப் பார்த்தவங்க பழவேற்காட்டுக்காரங்க. காட்டுப்பள்ளித் துறைமுகம் 2018ல அதானி குழுமத்துக்கு மாறின பிறகு வந்த விரிவாக்கத் திட்டத்தை அவங்க அப்படி எதிர்த்ததுக்குக் காரணம் இந்த அனுபவம்.

பூநாரைக்குப் பிரச்சினை இல்லைங்க. அதுக்கு ஆயிரம் போட்டோ, கவர்மெண்ட் கணக்கெடுப்பு, சூலூர்ப்பேட்டையில திருவிழா வேற. 2015லேர்ந்து பொங்கல் லீவுல நம்ம ஆளுங்க நடத்துற பொங்கல் பறவைகள் கணக்கெடுப்புலகூட காக்கா, மைனாவுக்கெல்லாம் எண்ணிக்கை ஏறுது. இபேர்ட், ஐநேச்சுரலிஸ்ட்னு தளங்கள் இருக்கு, போன்ல எடுத்த படத்தைத் தேதியோட, இடத்தோட போடலாம். ஆனா பழவேற்காட்டுக்கு கேமராவோட போறவங்க பெரும்பாலும் பறவையைத்தான் போடறாங்க. உமரிக்கும் ராவணன் மீசைக்கும் சேத்து நண்டுக்கும் யார் சாட்சி?

சாயவேர் கதையை ஞாபகம் வெச்சுக்கச் சொன்னேன் இல்லையா? ஒரு வேலை போகும்போது அதோட ஒரு பார்வையும் போகுது. ஆளாவைப் பார்த்துப் படகைத் திருப்பினவர் மகன் நாளைக்கு கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்கு வேலைக்குப் போவான். போகட்டும், அவன் வாழ்க்கை. ஆனா அவன் அப்பாவுக்குத் தெரிஞ்சது எங்கேயும் எழுதப்படலைன்னா, 300 வருஷம் முன்னாடி பல்க்லி பண்ணின அளவுகூட நாம பண்ணலைன்னு அர்த்தம். பல்க்லி செடியோட பேரையும் கேட்டு எழுதினாரே!

அதனால என் கோரிக்கை ரொம்பச் சின்னது. அடுத்த தடவை பழவேற்காடு போனா, பூநாரையை எடுங்க, வேண்டாம்னு சொல்லலை. படகுக்குக் காத்திருக்கிற அரைமணி நேரத்துல காலடியில இருக்கிற பத்து விஷயத்தையும் எடுங்க. சாதா போன் போதும். கூட்டுல குஞ்சோட இருக்கிற பறவையைக் கிட்டப் போய்த் தொந்தரவு பண்ணாதீங்க, ராத்திரி ஆமை முட்டையிட கரையேறினா ஃபிளாஷ் அடிக்காதீங்க. முக்கியமா, பக்கத்துல இருக்கிறவங்ககிட்ட "இதுக்கு என்ன பேரு?"ன்னு கேளுங்க. அந்தப் பேரைப் படத்துக்குக் கீழ, அவங்க சொன்ன மாதிரியே எழுதுங்க. சரியான தமிழா, கொச்சையான்னு யோசிக்காதீங்க.

பழவேற்காடு தூரம்னா உங்க தெருவே போதும். எங்க வீட்டுச் சுவர் ஓரத்துல முளைச்ச குப்பைமேனியிலேர்ந்து நான் ஆரம்பிச்சிருக்கேன். 41 செடி ஆச்சு, அதுல 13க்கு இன்னும் பேர் தெரியலை.

ஆமா, உமரிக்கு உங்க ஊர்ல வேற பேர் உண்டா? தூத்துக்குடி, வேதாரண்யம், யாழ்ப்பாணப் பக்கத்து ஆளுங்க யாராவது இருந்தா சொல்லிட்டுப் போங்க.